டிரைவர் இல்லாத வண்டி

எங்க ஏரியாவுல "டிரைவர் பிரச்சனை"ன்னு சொன்னா யாருக்கும் கம்ப்யூட்டர் ஞாபகத்துக்கு வராது. மாத்தூர்ல இருந்து ஒரு பக்கம் மணலி, இன்னொரு பக்கம் மாதவரம். சென்னை துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் போற வர்ற கன்டெய்னர் வண்டிங்க ராப்பகலா ஓடுற பூமி. தெருவுக்கு ரெண்டு வீட்டுலயாவது ஒரு டிரைவர் இருப்பார். எங்க வீட்டுலயும் இருக்கார், எங்கப்பா. 26 வருஷம் டிரெய்லர் ஓட்டினவர். சர்க்கரை கண்ணைத் தொட்டதும் ஸ்டியரிங்கை விட்டுட்டு வீட்டோட இருக்கார். அதனால நான் போன்ல நண்பன்கிட்ட "இந்த டிரைவர் சரியா வரல மச்சி, நாளைக்கு வேற டிரைவர் போட்டுப் பார்க்கணும்"னு சொன்னதைக் கேட்ட அம்மா, "எதுத்த வீட்டுப் பையன் வேலை இல்லாமத்தான் இருக்கான், அவனைக் கேக்கட்டுமா?"ன்னாங்க. அவ்வ்வ்வ்... :-)

ஆக மக்களே, இந்தப் பதிவு பொட்டிக்குள்ள இருக்குற டிரைவர்களைப் பத்தி. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன வருஷம் ஆபீஸ்ல ஆள் குறைச்சாங்க. லிஸ்ட்ல என் பேரும் இருந்துச்சு. அதோட ஆபீஸ் லேப்டாப்பையும் வாங்கிக்கிட்டாங்க. நாலு மாசம் சும்மா இருந்தப்புறம் ஒரு சின்ன கம்பெனியில ஒப்பந்த வேலை கிடைச்சது. கன்டெய்னர் யார்டுல எடுத்த போட்டோக்களை வெச்சு, பெட்டியில எங்கெங்க அடிபட்டிருக்குன்னு கண்டுபிடிக்கிற மென்பொருள். ஆனா "உங்க மெஷின்ல நீங்களே பண்ணணும், 14 நாள்ல ஒரு டெமோ காட்டணும், அது ஓடினா ஆறு மாச வேலை"ன்னு சொல்லிட்டாங்க.

இந்த வேலைக்கு சாதாரண லேப்டாப் தாங்காது. வாங்கினது வொர்க்ஸ்டேஷன் ரகம். பார்க்க லேப்டாப் மாதிரி இருக்கும், தூக்கினா கல்லு மாதிரி இருக்கும். ரெண்டரை கிலோ, அதுக்கு மேல செங்கல் சைஸ்ல சார்ஜர். தனி கிராஃபிக்ஸ் கார்டு, 64 ஜிபி மெமரி, அடிமூடியைக் கழட்டி நாமே பார்ட்ஸ் மாத்திக்கிற வசதி. விலை 1,72,000 ரூபாய். 18 மாசத் தவணை. வேலையில்லாத ஒருத்தன் இவ்ளோ விலைக்குப் பொட்டி வாங்கினா அந்த வீட்டுல சாப்பாட்டு நேரம் எவ்ளோ அமைதியா இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். எல்லா கம்பெனியிலயும் இந்தக் கதை நடக்கும்.

பொட்டி விண்டோஸோட வந்துச்சு. என் வேலைக்கு லினக்ஸ் வேணும். பக்கத்துலயே உபுண்டு 24.04 போட்டேன். அரை மணி நேரத்துல முடிஞ்சது. பாட்டு போட்டேன். சத்தம் வரல.

இங்க டிரைவர்னா என்னன்னு, நம்ம பொட்டி தட்டாத நண்பர்களுக்காக ரெண்டு வரி. வெளிநாட்டுல இருந்து ஒரு கப்பல் வருது. கேப்டனுக்கு அவர் கப்பலைப் பத்தி அக்குவேறு ஆணிவேறா தெரியும். ஆனா நம்ம துறைமுகத்து வாய்க்கால் எங்க ஆழம், எங்க திரும்பணும்னு தெரியாது. அதனால துறைமுகத்துல இருந்து ஒரு பைலட் படகுல போய் கப்பல்ல ஏறுவார். அவர் சொல்லச் சொல்ல கப்பல் உள்ள வரும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்த கேப்டன் மாதிரி. ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு துறைமுகம். டிரைவர்தான் பைலட். பைலட் வரலைன்னா கப்பல் எவ்ளோ பெருசா இருந்தாலும் நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்க வேண்டியதுதான்.

லினக்ஸோட கெர்னல்ல பாதிக்கு மேல இருக்கிறது டிரைவர் கோடுதான். உலகத்துல இருக்குற அத்தனை துறைமுகத்துக்கும் பைலட்டைக் கூடவே கூட்டிக்கிட்டு சுத்துற கப்பல்னு வெச்சுக்கோங்க. சிக்கல் எங்க வருதுன்னா, உபுண்டு 24.04 வெளிவந்தது 2024 ஏப்ரல்ல, 6.8 கெர்னலோட. என் பொட்டியில இருக்குற சில சில்லுகள் அதுக்கப்புறம் சந்தைக்கு வந்தவை. கட்டாத துறைமுகத்துக்குப் பைலட் எங்கிருந்து வருவார்?

சத்தத்துக்கு வருவோம். இப்ப வர்ற லேப்டாப்கள்ல ஸ்பீக்கருக்குப் போற ஒலி ஒரு தனிச் சின்ன பிராசஸர் வழியா போகுது. அதுக்கு டிரைவர் மட்டும் போதாது. அந்தச் சின்ன பிராசஸருக்குள்ள ஏத்த ஒரு ஃபர்ம்வேர் கோப்பு வேணும், எந்த ஸ்பீக்கர் எந்த மைக்கோட எப்படி இணைஞ்சிருக்குன்னு சொல்ற வரைபடக் கோப்பு ஒண்ணும் வேணும். கெர்னல் பதிவேட்டைத் தொறந்தா அந்தக் கோப்பு இல்லைன்னு பேர் போட்டே எழுதி வெச்சிருந்துச்சு. லினக்ஸ்ல எனக்குப் பிடிச்ச விஷயம் இது. கஷ்டம் குடுக்கும், ஆனா எதனாலன்னு சொல்லிட்டுக் குடுக்கும். உபுண்டு 24.04-க்கே பின்னால வந்த 6.14 கெர்னலையும் புது ஃபர்ம்வேர் தொகுப்பையும் ஏத்தினதும் பாட்டு கேட்டுச்சு. மூணாவது நாள் முடிஞ்சது.

நாலாவது நாள் காலையில கிராஃபிக்ஸ் கார்டு செத்துப் போச்சு.

முந்தின நாள் வரைக்கும் நல்லா ஓடின கார்டு. ஸ்பீக்கருக்காக கெர்னலை மாத்தினா கார்டு ஏன் போகணும்? காரணம் இருக்கு. இந்தக் கார்டோட டிரைவர் கெர்னலோட சேர்ந்து வர்றது இல்ல, வெளியில இருந்து கொண்டாந்து சேர்க்குறது. ஒவ்வொரு கெர்னலுக்கும் அளவெடுத்துத் தனியா தைக்கணும். தைக்குறதுக்கு டிகேஎம்எஸ்னு ஒரு தையக்காரர் இருக்கார். ஆனா அவருக்கு அளவுக்குறிப்பு, அதாவது அந்தக் கெர்னலோட ஹெடர் கோப்புகள் வேணும். புது கெர்னல் வந்துச்சு, அதோட ஹெடர் கூட வரல. அதனால 6.8-க்குத் தைச்ச சட்டை அப்படியே இருக்கு, 6.14 சட்டை இல்லாம நிக்குது. ஹெடரைப் போட்டு, திரும்பத் தைக்கச் சொன்னதும் அஞ்சு நிமிஷத்துல கார்டு எழுந்துச்சு. அதைக் கண்டுபிடிக்க எடுத்தது ஒன்றரை நாள்.

இதுக்கு நடுவுல ஒரு நண்பன் "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடு, பாதி தலைவலி போயிடும்"னான். நிறைய பேர் குடுக்குற ஆலோசனைதான். நான் பண்ணல. செக்யூர் பூட் நம்ம துறைமுகத்து கேட்டு மாதிரி. பாஸ் இல்லாத வண்டியை உள்ள விடாது. வெளியில இருந்து வர்ற டிரைவருக்கு நாமே ஒரு சாவி உருவாக்கி, மெஷின் திரும்ப எழும்போது வர்ற நீலத் திரையில அந்தச் சாவியைப் பதிவு பண்ணி பாஸ் வாங்கிக் குடுக்கணும். ஒரு தடவை பண்ற வேலைதான். அதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு கேட்டையே தொறந்து போட மனசு வரல. ஏன்னா டிரைவர் ஓடுறது கெர்னலுக்குள்ள. அங்க ஒருத்தர் தடுக்கி விழுந்தா மொத்த வீடும் விழும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தோட பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சின்ன அப்டேட், கெர்னலுக்குள்ள இருந்த அதோட டிரைவரைத் தடுக்கி விட்டுச்சு. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில நின்னுச்சு. இந்திய விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. அந்த டிரைவருக்கும் முறையான கையெழுத்து இருந்துச்சுங்கறது உண்மைதான். பாஸ் இருக்குறதால டிரைவர் தடுக்கி விழ மாட்டார்னு இல்ல. ஆனா உள்ள யார் இருக்காங்கன்னாவது தெரியும்.

ஆறாவது நாள். யார்டுக்குப் போய் போட்டோ இருக்குற மெமரி கார்டுகளை வாங்கிட்டு வரணும். மூடியை மூடி, பையில போட்டு, பஸ் ஏறினேன். மணலி தாண்டுறதுக்குள்ள முதுகு சுட்டுச்சு. பையைத் தொறந்தா ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு. தூங்க வேண்டியது தூங்கவே இல்ல. அன்னிக்கு ராத்திரி முழு சார்ஜோட மூடி வெச்சேன். காலையில பார்த்தா 62 சதவீதம். எட்டு மணி நேரத்துல, ஒண்ணுமே செய்யாம, 38 போயிருக்கு.

பழைய லேப்டாப்கள்ல தூக்கம்னா மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் குடுத்துட்டு மத்த எல்லாத்தையும் அணைச்சிடும். அதுக்கு எஸ்3ன்னு பேர். இப்ப வர்ற பல லேப்டாப்கள்ல அது கிடையாது. போன் மாதிரி, எல்லாம் அரைத்தூக்கத்துல இருக்கும். எல்லாக் கருவியும் கண்ணை மூடினாத்தான் பிராசஸர் ஆழ்ந்து தூங்கும். ஏதோ ஒண்ணு முழிச்சுக்கிட்டு இருந்தாலும் வீடு முழுக்க விளக்கு எரியும். எவ்ளோ நேரம் ஆழ்ந்து தூங்கினோம்னு பிராசஸரே ஒரு கணக்கு வெச்சிருக்கும். என் பொட்டியில அந்தக் கணக்கு பூஜ்ஜியம்.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். 40 நிமிஷம் பாட்டு கேட்டப்புறம் வந்தவர் மரியாதையாத்தான் பேசினார். "லினக்ஸுங்களா? அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல சார். விண்டோஸ்ல ஓடுதுல்ல?" அவ்ளோதான்.

இந்த பதில் புதுசு இல்ல. 1980 வாக்குல எம்ஐடி பல்கலைக்கழகத்தோட செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரின்டர் குடுத்துச்சு. அடிக்கடி காகிதம் சிக்கும். அங்க வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், சிக்கினா எல்லாருக்கும் செய்தி போற மாதிரி மாத்தலாம்னு மூலநிரலைக் கேட்டார். அது கையில இருந்த வேற பல்கலைக்கழகத்துக்காரர், யாருக்கும் தர மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்னு மறுத்துட்டார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல குனு திட்டமா வந்துச்சு. இன்னிக்கு நாம சொல்ற கட்டற்ற மென்பொருளுக்கு விதை ஒரு பிரின்டர் பிரச்சனை!

நம்ம ஊர்லயும் இதுக்கு ஒரு கதை இருக்கு. 2006-ல இருந்து எல்காட் நிறுவனத்தோட நிர்வாக இயக்குநரா இருந்த சி.உமாசங்கர், அரசு வாங்குற கம்ப்யூட்டர்கள்ல சூசே லினக்ஸைக் கொண்டாந்தார். அப்புறம் 2011 செப்டம்பர்ல இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சப்போ, எல்காட் வாங்கின மடிக்கணினிகள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக் நிறுவனம் சென்னையில உருவாக்கின, டெபியனை அடிப்படையா வெச்ச லினக்ஸ் அது. நான் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கின முதல் பொட்டி அதுதான். அதுல பாஸைத் தொறந்தா சத்தம் வரும், வைஃபை வரும், மூடினா தூங்கும். எதையும் தேடி அலையல. கூடப் படிச்சவன் ஒருத்தன் பிரவுசிங் சென்டர்ல குடுத்து எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற விண்டோஸ் போட்டுக்கிட்டு வந்தான். வைஃபை போச்சு. அந்தக் கார்டோட டிரைவரைத் தேடி ஒரு வாரம் அலைஞ்சான் பாவம்.

நான் இதுல இருந்து புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். லட்சக்கணக்குல வாங்குறவர் "ரெண்டு சிஸ்டத்துலயும் எல்லாம் ஓடணும், இல்லைன்னா டெண்டர் இல்ல"ன்னு சொன்னா, டிரைவரோடதான் வண்டி வரும். ஒத்தை ஆளா ஒரு பொட்டி வாங்குற என்கிட்ட அந்தப் பலம் இல்ல. காசு குடுத்தா இரும்பு வரும். டிரைவரை நாமதான் தேடணும்.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில உக்காந்திருந்தேன். அப்பா வந்தார்.

"இன்னாடா, மூஞ்ச தூக்கி வெச்சினு கீற?"

சொன்னேன். எஸ்3, அரைத்தூக்கம் எல்லாம் சொல்லல. "மூடி வெச்சாலும் பேட்டரி இறங்குதுப்பா. எது இழுக்குதுன்னு தெரியல"ன்னேன்.

"அவ்ளோதானா? நைட்டு வண்டிய நிப்பாட்டிட்டு காலைல வந்தா செல்ஃப் எடுக்காது. எத்தினி தபா பாத்துக்கீறேன். பேட்டரி ஒயர ஒரு பக்கம் கழட்டி, நடுவுல டெஸ்ட் லேம்ப் மாட்டு. எரிஞ்சா எதுவோ இழுக்குதுன்னு அர்த்தம். அப்பால ஃபியூஸ ஒண்ணொண்ணா புடுங்கினே வா. எத புடுங்கினா லைட்டு மங்குதோ அவன்தான் திருடன்."

கொஞ்ச நேரம் நான் ஒண்ணும் பேசல. ஏன்னா அது அப்படியே என் பொட்டிக்கும் பொருந்துது. இந்த ரக லேப்டாப்கள்ல பயாஸ் மெனுவுக்குள்ள கேமரா, கைரேகைக் கருவி, வைஃபை, கார்டு ரீடர்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா அணைக்க சுவிட்ச் இருக்கு. அதான் ஃபியூஸ் பெட்டி. பிராசஸர் வெச்சிருக்குற தூக்கக் கணக்குதான் டெஸ்ட் லேம்ப்.

மறுநாள் காலையில இருந்து ரெண்டு பேரும் உக்காந்தோம். ஒரு தடவைக்கு ஒரு கருவியை அணைக்கணும், ஒரு மணி நேரம் தூங்க வைக்கணும், எழுப்பி எத்தனை சதவீதம் இறங்கியிருக்குன்னு பார்க்கணும். அப்பா தன்னோட பழைய டிரிப் நோட்டை எடுத்துட்டு வந்தார். போன நடை, போட்ட டீசல் எல்லாம் எழுதி வெச்ச நோட்டு. ரெண்டு வருஷமா தொடாதது. கடைசிப் பக்கத்துல கோடு போட்டு, கண்ணாடியை மூக்குல இறக்கிக்கிட்டு எழுத ஆரம்பிச்சார். ஒண்ணும் அணைக்காம 5. கேமரா அணைச்சா 5. கைரேகை 5. வைஃபையும் ப்ளூடூத்தும் 4. நடுவுல நான் பொறுமை போய் ரெண்டை ஒண்ணா அணைக்கலாம்னேன். "ஒண்ணொண்ணாத்தான். அப்பால எதுன்னு எப்படி தெரியும்?"னு முடிச்சுட்டார்.

சாயங்காலம் கார்டு ரீடரை அணைச்சோம். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா ஒரு சதவீதம் கூட முழுசா இறங்கல. தூக்கக் கணக்கு பூஜ்ஜியத்துல இருந்து எகிறியிருந்துச்சு. நான் துள்ளிக் குதிச்சேன். அப்பா குதிக்கல. "மத்த எல்லாத்தையும் திரும்ப மாட்டு. அத ஒண்ண மட்டும் எட்த்துட்டு பாரு. அப்பதான் நிச்சயம்." அதையும் பார்த்தோம். அவன்தான் திருடன்.

ஆனா அந்தத் திருடன் எனக்கு வேணும். யார்டு போட்டோ எல்லாம் மெமரி கார்டுலதான் வருது. நிரந்தரமா அணைச்சுட முடியாது. அதனால ஆறு வரியில ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பொட்டி தூங்கப் போகும்போது கார்டு ரீடரோட டிரைவரை இறக்கி விட்டுடும், எழுந்ததும் ஏத்திக்கும். அப்பாகிட்ட இதைச் சொன்னதும் "சரியான மொதலாளிடா நீ. நடை இருந்தாத்தான் டிரைவரு"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் சட்டுன்னு சிரிப்பு வரல. ஒப்பந்த வேலையில இருக்குறவனுக்கு அது உள்குத்தா நேர்குத்தான்னு சொல்லுங்க :-(

அன்னிக்கு ராத்திரி எட்டு மணி நேரத்துல இறங்கினது 5 சதவீதம். நோட்டுல அதையும் எழுதிக் கீழ கோடு போட்டார்.

டெமோவுக்கு முந்தின ராத்திரி இன்னொண்ணு நடந்துச்சு. திரையில ஓடிக்கிட்டு இருந்த போட்டோக்களை அப்பா பின்னால நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். மென்பொருள் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டின ஒண்ணைப் பார்த்து "இது அடி இல்லடா. துருவுக்கு மேல பெயின்ட் அடிச்சிக்கிறான்"னார். இன்னொண்ணுல "மூலையில கீது பாரு, டிரெய்லர்ல உக்கார வெக்கசொல்ல லாக்குல ஒக்காராம இடிச்சது. எல்லாப் பொட்டிலயும் இருக்கும்"னார். ராத்திரி ஒரு மணி வரைக்கும் 200 போட்டோவுக்கு மேல பார்த்து அவர் சொல்லச் சொல்ல குறிச்சுக்கிட்டேன். டெமோவுல அவங்க அதிகமா கேள்வி கேட்டது அந்தத் துரு மேட்டரைப் பத்திதான். எப்படி கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டாங்க. எங்கப்பான்னு சொன்னேன். ஆறு மாச வேலை கிடைச்சுது. போட்டோ பார்த்துக் குறிச்சுக் குடுக்க வாரத்துல ரெண்டு நாள் அவருக்கும் தனியா ஒரு தொகை பேசியிருக்கேன். "உக்காந்த எடத்துல எதுக்குடா காசு?"ன்னு கேட்டார். ஆனா நோட்டுல எழுதிக்கிட்டார்.

இனி, புதுப் பொட்டி வாங்கப் போறவங்களுக்கு அனுபவத்துல நாலு வார்த்தை:

1. வாங்குறதுக்கு முன்னாடியே அந்த மாடல் உபுண்டுவோட சான்றிதழ்ப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா பாதிக் கவலை இல்ல.

2. கெர்னலை மாத்தும்போது அதோட ஹெடரையும் சேர்த்தே ஏத்துங்க. பழைய கெர்னலை அழிக்காதீங்க. எழும்பும்போது வர்ற மெனுவுல பழசைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிப் போக ஒரு வழி இருக்கணும்.

3. ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு விண்டோஸ்தான் வேணும்னு இல்ல. எல்விஎஃப்எஸ் சேவையில பல கம்பெனிகள் போட்டு வெக்கிறாங்க, எஃப்டபிள்யூஅப்டி கருவி அங்க இருந்து எடுத்துத் தரும். என் பொட்டிக்கு ரெண்டு மாசம் கழிச்சு அங்க ஒரு அப்டேட் வந்துச்சு. இப்ப கார்டு ரீடர் தானாவே தூங்குது, அந்த ஆறு வரி ஸ்கிரிப்டுக்கு ஓய்வு குடுத்தாச்சு.

4. மூடினதும் நேரா பையில போடாதீங்க. ஃபேன் நின்னு, விளக்கு மெதுவா மினுக்குதான்னு ஒரு நிமிஷம் பாருங்க.

அப்புறம், ஒரு நோட்டு வாங்கிக்கோங்க. எதை மாத்தினீங்க, என்ன ஆச்சுன்னு தேதி போட்டு எழுதுங்க. ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்க. உங்க வீட்டுப் பொட்டிங்க என்ன பாடு படுத்துதுன்னு பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க, ஃபியூஸ் புடுங்க ஆள் ரெடியா இருக்கு.